600 மீட்டர் பாயும் லேசர் லைட்: சூட்டை தாங்குமா மஞ்சள் வில்லை?

பெட்ரோமாக்சில் எரிந்த அதே 'சீரியம்' இப்போது கார் விளக்கில்

பனமலை:-

விழுப்புரம் மாவட்டம் பனமலை பக்கத்து கிராமங்களில் இருந்து ராத்திரி நேரத்தில் விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் என்று வண்டி ஓட்டி போகிறவர்களுக்கு இரண்டு வித இருட்டு பழக்கம்.

ஒன்று, தெருவிளக்கு இல்லாத ஊர் ரோட்டின் இருட்டு. இன்னொன்று, எதிரில் வருகிற லாரியோ பஸ்சோ 'ஹை பீம்' அடித்துவிட்டு போன பிறகு சில விநாடிகள் கண்ணுக்குள்ளேயே நிற்கிற இருட்டு. முதல் இருட்டை விட இரண்டாவது இருட்டுதான் ஆபத்தானது. அந்த சில விநாடிகளில்தான் பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரும், ஓரமாக சைக்கிள் தள்ளி வருகிறவரும் கண்ணுக்கு தெரியாமல் போகிறார்கள். "முன்னாடி வண்டி நின்னதே தெரியல" என்ற பேச்சை இரவு விபத்துகளுக்கு பிறகு அடிக்கடி கேட்கலாம்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். சாதாரண 'டிம்' வெளிச்சம் 50, 60 மீட்டர் தூரம்தான் எட்டும். அதாவது, எதையாவது பார்த்து பிரேக் மிதிக்க டிரைவருக்கு கிடைப்பது மூன்று விநாடிக்கும் குறைவு.

தூரம் தெரிய வேண்டும், எதிரில் வருகிறவர் கண்ணும் கூசக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே விளக்கில் கொண்டு வரத்தான் 'லேசர் ஹெட்லைட்' வந்தது. அது 600 மீட்டர் வரை வெளிச்சம் பாய்ச்சும் என்று அதை காரில் பொருத்திய கம்பெனி அறிவித்தது. ஆனால் அந்த விளக்குக்குள் இருக்கிற ஒரு சின்ன மஞ்சள் வில்லை, சூட்டை தாங்குகிற விஷயத்தில் தடுமாறுகிறது. உலகம் முழுக்க பல ஆய்வுக்கூடங்களில் இப்போது நடக்கிற வேலை, இந்த வில்லையை பலப்படுத்துகிற வேலைதான்.

ரோட்டில் விழுவது லேசர் அல்ல

லேசர் லைட் என்றதும், சிவப்பு ஊசி மாதிரி ஒரு கோடு ரோட்டில் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. லேசர் விளக்கில் இருந்து வெளியே வருவது சாதாரண வெள்ளை வெளிச்சம்தான்.

உள்ளே நடப்பது இதுதான். நீல நிற லேசரை சின்னஞ்சிறு 'டயோடு' ஒன்று உமிழ்கிறது. அது நேராக ஒரு மஞ்சள் வில்லையில் போய் விழுகிறது. நீலத்தில் பெரும்பகுதியை வில்லை விழுங்கி மஞ்சளாக கக்குகிறது. மாறாமல் மிஞ்சுகிற நீலமும், புதிதாக பிறந்த மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளையாக தெரியும். அந்த வெள்ளையைத்தான் குழிந்த கண்ணாடி ஒன்று பிடித்து ரோட்டுக்கு அனுப்புகிறது.

இப்படி ஒரு நிறத்தை வாங்கி இன்னொரு நிறமாக கொடுக்கிற பொருளுக்கு 'பாஸ்பர்' என்று பெயர். இது நமக்கு புதிது அல்ல. வீட்டு டியூப் லைட் உடைந்தால் உள்பக்கம் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்குமே, அதுவும் பாஸ்பர்தான். டியூப்புக்குள் பாதரச ஆவியில் இருந்து கண்ணுக்கு தெரியாத புற ஊதா கதிர் வருகிறது. அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றியது அந்த பொடிதான்.

இன்று வீடு வீடாக எரிகிற எல்.இ.டி. பல்பிலும் இதே கதைதான். அணைந்திருக்கும்போது பல்பை திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் பொட்டுகள் தெரியும். அந்த மஞ்சளுக்கு அடியில் இருப்பது நீல எல்.இ.டி.

பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் வேலை பார்த்த சுஜி நகமுரா 1993-ல் கொண்டு வந்தார். அதன் மேல் மஞ்சள் பாஸ்பரை பூசிய வெள்ளை எல்.இ.டி. 1996-ல் விற்பனைக்கு வந்தது. நீல எல்.இ.டி.க்காக நகமுராவுக்கும், இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும் 2014-ம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2014-ல்தான் பி.எம்.டபிள்யூ. ஐ8, ஆடி ஆர்8 எல்.எம்.எக்ஸ். ஆகிய கார்களில் லேசர் ஹெட்லைட் ரோட்டுக்கு வந்தது.

எல்.இ.டி. இருக்க லேசர் எதற்கு?

காரணம், புள்ளியின் அளவு.

டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பிறக்கிற இடம் பெரிதாக இருந்தால் கற்றை அகலமாக பரவும். பிறக்கிற இடம் சின்ன புள்ளியாக இருந்தால், அதே கண்ணாடியை வைத்து கற்றையை ஒல்லியாக்கி ரொம்ப தூரம் அனுப்பலாம். லேசரை ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான புள்ளியில் குவிக்க முடியும். கடுகை விட சின்ன இடத்தில் இருந்து அத்தனை வெளிச்சமும் கிளம்புகிறது.

எல்.இ.டி.க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் கரண்டை கூட்டிக்கொண்டே போனால் வெளிச்சம் அதே அளவுக்கு கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் கரண்டில் கணிசமான பகுதி வீணாகும். லேசர் டயோடில் இந்த இழப்பு குறைவு. இன்று ஒரே நீல லேசர் டயோடு 3 முதல் 5 வாட் வரை ஒளி கொடுக்கிறது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? லேசரில் இல்லை. அது போய் விழுகிற மஞ்சள் வில்லையில் இருக்கிறது.

பத்தில் இரண்டு பங்கு சூடு

நீல ஒளிக்கு சக்தி அதிகம். மஞ்சள் ஒளிக்கு சக்தி குறைவு. நீலத்தை மஞ்சளாக மாற்றும்போது மிஞ்சுகிற சக்தி எங்காவது போக வேண்டும் அல்லவா? அது சூடாகத்தான் இறங்கும்.

10 வாட் நீல ஒளி மஞ்சளாக மாறினால், எந்த குறையும் இல்லாத பாஸ்பராக இருந்தாலும் சுமார் 2 வாட் சூடாகிவிடும். இது இயற்கையின் கணக்கு. எந்த ஆராய்ச்சியாலும் இதை தவிர்க்க முடியாது.

2 வாட் என்பது கேட்க சின்ன அளவுதான். ஆனால் அது இறங்குகிற இடம் கடுகை விட சின்னது. பூதக்கண்ணாடியில் வெயிலை குவித்து காகிதத்தை எரித்து விளையாடியவர்களுக்கு இந்த விஷயம் புரியும். வெயில் அதேதான், குவிந்த இடத்தில்தான் நெருப்பு.

சூடு ஏற ஏற பாஸ்பரின் வேலைத்திறன் குறையும். நீலத்தை விழுங்கும், ஆனால் மஞ்சளை கொடுக்காமல் அதையும் சூடாக்கும். அதனால் சூடு இன்னும் ஏறும். வேலைத்திறன் இன்னும் இறங்கும். இந்த வட்டம் நிற்காமல் சுற்றினால் வில்லை கருகும், அல்லது விரிசல் விடும்.

பெட்ரோமாக்சுக்கு சூடு சாப்பாடு, இதற்கு சூடு எதிரி

லேசர் விளக்குகளில் அதிகம் பயன்படுகிற மஞ்சள் பாஸ்பரின் பெயர் 'யாக்'. இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கெட்டியான பொருள் இது. சுத்தமான யாக் நிறமே இல்லாதது. அதில் துளி 'சீரியம்' சேர்த்த பிறகுதான் மஞ்சளாகி ஒளிர ஆரம்பிக்கும். நூற்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ சேர்த்தாலே போதும்.

இந்த சீரியம் நம் ஊர் கல்யாணத்துக்கும், தெருக்கூத்துக்கும் வெளிச்சம் கொடுத்த பொருள். பெட்ரோமாக்ஸ் லைட்டில் கட்டுகிற மேண்டிலில் 99 பங்கு தோரியமும், ஒரு பங்கு சீரியமும் இருந்தது. இந்த கலவையை கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவை சேர்ந்த கார்ல் ஆவர் என்ற விஞ்ஞானி. அந்த மேண்டிலுக்கு தேவையான 'மோனசைட்' தாது, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அங்கு இன்றும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்கு மணல் ஆலை இருக்கிறது.

பெட்ரோமாக்சிலும் சீரியம், லேசர் லைட்டிலும் சீரியம். ஆனால் வேலை நேர் எதிர். மேண்டில் சூட்டால்தான் ஒளிரும். மண்எண்ணெய் ஆவி எரிகிற நெருப்பில் தகதகவென்று காய்ந்தால்தான் அதற்கு வெளிச்சம். பாஸ்பருக்கு சூடே ஆகாது. ஒளியை வாங்கி ஒளியை கொடுப்பதுதான் அதன் வேலை. காய்ந்தால் மங்கிவிடும்.

ஆக, மேண்டிலை எப்படி சூடாக்குவது என்பது அந்த காலத்து கேள்வி. வில்லையை எப்படி ஆற வைப்பது என்பது இந்த காலத்து கேள்வி.

பிசின் போய் செராமிக் வந்தது

வீட்டு எல்.இ.டி. பல்பில் மஞ்சள் பொடியை 'சிலிக்கோன்' என்ற பிசினில் குழைத்து பூசுகிறார்கள். குறைந்த வெளிச்சத்துக்கு அது போதும். லேசருக்கு அது தாங்காது. பிசினுக்கு சூட்டை கடத்தத் தெரியாது. தோசைக்கல்லுக்கு போட்ட மரப்பிடி மாதிரி சூட்டை அங்கேயே நிறுத்திவிடும். 150, 200 டிகிரி செல்சியசை தாண்டினால் பிசினே பழுப்பேறி கெட்டுப்போகும்.

சூட்டை கடத்துவதில் எந்த பொருள் எப்படி? பிசினுக்கு ஒரு மார்க் போட்டால் மற்றவற்றுக்கு ஏறக்குறைய இப்படி போடலாம்:-

கண்ணாடி - 5 மார்க்.

யாக் செராமிக் - 50 மார்க்.

அலுமினா - 150 மார்க்.

செம்பு - 2,000 மார்க்.

இந்த பட்டியலை பார்த்தாலே ஆராய்ச்சி எந்த பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் பிசினை நீக்கிவிட்டு, பொடியை கண்ணாடியில் கலந்து உருக்கினார்கள். சூட்டில் பழுப்பேறுவது நின்றது. ஆனால் கண்ணாடியும் சூட்டை வேகமாக வெளியேற்றாது.

அடுத்து செராமிக். பச்சை மண்ணை சூளையில் வைத்தால் செங்கல் ஆகிற மாதிரி, பாஸ்பர் பொடியை அழுத்தி 1,700 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுடுகிறார்கள். பொடிக்கும் பொடிக்கும் இடையே இருந்த காற்று வெளியேறி, எல்லாம் ஒட்டி ஒரே கல்லாகிவிடுகிறது. பிசினே கிடையாது. முழுவதும் பாஸ்பர்தான்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. யாக்குடன் அலுமினா பொடியையும் கலந்து சுடுவது. அலுமினா ஒளிராது, ஆனால் சூட்டை யாக்கை விட மூன்று மடங்கு வேகமாக கடத்தும். கூட்டத்துக்கு நடுவே வழி விட்ட மாதிரி, வில்லைக்குள் சூடு ஓடுவதற்கு பாதை கிடைக்கிறது.

அலுமினாவால் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடி மாதிரி தெளிவான செராமிக்கில் ஒளி பக்கவாட்டில் கசிந்து புள்ளி அகலமாகிவிடும். புள்ளி அகலமானால் லேசர் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. வில்லைக்குள் இருக்கிற அலுமினா துகளும், வேண்டுமென்றே விட்டு வைக்கிற நுண்ணிய துளைகளும் ஒளியை அங்கேயே சிதறடித்து, ஓட விடாமல் பிடித்து வைக்கின்றன.

ஆற வைக்கும் தந்திரங்கள்

வில்லையை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம்.

லேசரை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வெளிச்சத்தை எடுப்பது ஒரு முறை. இதில் வில்லையின் இரண்டு முகத்திலும் ஒளி போக வழி விட வேண்டும். அதனால் உலோகத்தை ஓரத்தில்தான் வைக்க முடியும். இதற்காக வில்லையை 'சபையர்' தட்டில் ஒட்டுகிறார்கள். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களில் கண்ணாடிக்கு பதில் போடுகிற கல் அது. ஒளியையும் விடும், சூட்டையும் கடத்தும்.

இன்னொரு முறையில், லேசர் விழுந்த அதே பக்கத்தில் இருந்தே வெளிச்சத்தை திருப்பி எடுக்கிறார்கள். வில்லையின் முதுகு முழுவதும் உலோகத்தில் ஒட்டியிருக்கும். சூடு நேராக முதுகு வழியே இறங்கிவிடும். அதிக சக்தி விளக்குகளுக்கு இது நல்ல வழி.

மூன்றாவது தந்திரத்தை சினிமா ரசிகர்கள் தெரியாமலேயே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பல லேசர் புரொஜெக்டர்களில் பாஸ்பரை ஒரு வட்டத்தட்டில் பூசி வேகமாக சுற்ற விடுகிறார்கள். லேசர் ஒரே இடத்தில் நின்று அடித்தாலும், தட்டு ஓடுவதால் எந்த இடமும் தொடர்ந்து சூடாகாது. தியேட்டரில் இது சரி. குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி ஓடுகிற வண்டிக்கு சுற்றுகிற தட்டும் மோட்டாரும் சரிப்படாது. அதனால்தான் அசையாத வில்லையையே பலமாக்க இத்தனை பாடு.

சூடு மட்டும் அல்ல, 'கியூ'வும்தான்

வில்லையை எவ்வளவு ஆற வைத்தாலும் இன்னொரு எல்லை இருக்கிறது.

டிக்கெட் கவுண்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீரியம் அணுவும் ஒரு கவுண்ட்டர். நீல ஒளி ஒன்றை வாங்கி மஞ்சளாக கொடுத்த பிறகுதான் அடுத்ததை வாங்கும். சீரியத்துக்கு இந்த வேலை முடிய, ஒரு விநாடியை 100 கோடி பங்காக பிரித்தால் அதில் 60, 70 பங்கு நேரம்தான் ஆகும். படுவேகம். அதனால் சீரியத்தின் கவுண்ட்டரில் கூட்டம் சீக்கிரம் தேங்குவது இல்லை.

சிவப்பு நிறம் கொடுக்கும் பாஸ்பர்களில் இருப்பது வேறு பொருள், 'யூரோப்பியம்'. அதற்கு பத்து மடங்கு வரை அதிக நேரம் தேவை. லேசர் பலமாக அடித்தால் அதன் கவுண்ட்டர்கள் எல்லாம் சீக்கிரமே நிரம்பிவிடும். அதற்கு மேல் வருகிற நீலம் வீண்.

இதனால் லேசர் வெளிச்சத்தில் சிவப்பு எப்போதும் பற்றாக்குறை. பார்க்க வெள்ளை என்றாலும் கொஞ்சம் சில்லென்ற வெள்ளை. அதன் கீழே சிவப்பு பொருட்கள் உயிர் இல்லாமல் தெரியும்.

ரோட்டுக்கு இது பெரிய குறை இல்லை. மற்ற இடங்களில் குறைதான். பனமலை குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோவிலில் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய தேவி ஓவியம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, மகுடம், ஒரு காலை மடித்து சாய்ந்த நிலை என்று பல்லவர் கால ஓவியங்களில் மிஞ்சிய சிலவற்றில் ஒன்று. இந்த மாதிரி மங்கிப்போன ஓவியத்தின் நிறத்தை உள்ளபடி பார்க்க, சிவப்பும் நிறைந்த வெளிச்சம் வேண்டும். ஆபரேஷன் அறையில் ரத்தத்தையும் தசையையும் பிரித்து பார்க்கவும் அதே வெளிச்சம்தான் வேண்டும். லேசர் அடியை தாங்குகிற சிவப்பு பாஸ்பர் என்பது இந்த துறையில் இன்னும் தீராத பாக்கி.

வில்லை உடைந்தால் என்ன ஆகும்?

டியூப் லைட்டில் பொடி உதிர்ந்தால் டியூப் மங்கும், அவ்வளவுதான். லேசர் விளக்கில் வில்லை உடைந்தாலோ, கழன்றாலோ பச்சை லேசர் கற்றை, அதாவது நீலம் மாறாமல் அப்படியே, வெளியே வர வாய்ப்பு உண்டு. அது கண்ணின் விழித்திரையை சுட்டுவிடும்.

அதனால் விளக்குக்குள் காவல் உணர்கருவி வைக்கிறார்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் மாறுதல் தெரிந்தாலும் லேசர் உடனே அணைந்துவிடும். கார்களில் வந்த லேசர் 'ஹை பீம்', வண்டி குறிப்பிட்ட வேகத்தை தாண்டினால்தான் எரியும். எதிரில் வண்டி வருவதை கேமரா பார்த்துவிட்டால் தானாக விலகும். தூரமும் வேண்டும், கூசவும் கூடாது என்ற இரண்டு தேவையையும் நிறைவேற்றியது வில்லையும் கேமராவும் சேர்ந்துதான்.

இத்தனை செலவும் சிக்கலும் இருந்ததால் கார்களில் லேசர் லைட் பெரிதாக பரவவில்லை. இடையில் எல்.இ.டி.யும் முன்னேறியது. நிறைய எல்.இ.டி.களை கட்டம் கட்டமாக அடுக்கி, எதிர் வண்டி மேல் விழுகிற கட்டத்தை மட்டும் அணைக்கிற விளக்குகள் வந்தன. பி.எம்.டபிள்யூ.வே பிறகு வந்த பல மாடல்களில் எல்.இ.டி.க்கு திரும்பிவிட்டது. புரொஜெக்டர், தேடு விளக்கு, மேடை விளக்கு, நீண்ட தூர டார்ச் ஆகியவற்றில் லேசர் பாஸ்பருக்கு வேலை தொடர்கிறது. மறுபடியும் சாதாரண வண்டிக்கு வர வேண்டுமானால் மலிவான, கருகாத வில்லை வேண்டும்.

மணல் இங்கே, வில்லை எங்கே?

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மோனசைட்டில் உள்ள அருமண் உலோகங்களில் ஏறக்குறைய பாதி சீரியம்தான். சீரியத்துக்கு இந்தியா யாரிடமும் கை ஏந்த தேவையில்லை.

ஆனால் யாக் வில்லையில் சீரியம் ஊறுகாய் அளவுதான். சோறு மாதிரி நிறைய வேண்டியது இட்ரியம். அது நம் மோனசைட்டில் மிகவும் குறைவு. உலகத்துக்கு இட்ரியம் கொடுப்பதில் சீனாதான் முன்னணி. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதி கட்டுப்பாடு கொண்டு வந்த 7 அருமண் உலோகங்களில் இட்ரியமும் ஒன்று.

மணல் எடுப்பதிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிரியக்கம் பற்றிய பயம் கடலோர மக்களுக்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் மக்கள் கடும் எதிர்ப்பு தெரிவித்தனர்.

பொடியை செய்வது, அதை சுட்டு கல்லாக்குவது, கல்லை உலோகத்தில் ஒட்டுவது என்று இந்த தொழிலில் லாபம் எல்லாம் மணலுக்கு அப்புறம்தான். அந்த வேலைகள் இங்கேயே நடந்தால்தான் மணல் கொடுக்கிற ஊருக்கும் பலன் இருக்கும்.

டிரைவர்கள் கவனத்துக்கு

'லேசர் லைட்' என்று பெயர் ஒட்டி கடைகளில் குறைந்த விலைக்கு விற்கிற பல விளக்குகள் வெறும் எல்.இ.டி.தான். அவற்றில் எதிர் வண்டியை பார்க்கிற கேமராவும் இல்லை, கற்றையை கட்டுப்படுத்துகிற கண்ணாடியும் சரியாக இல்லை. அதை மாட்டினால் எதிரில் வருகிறவருக்கு கண்ணு கூசும், அவ்வளவுதான் பலன். கம்பெனி கொடுத்த விளக்கை இஷ்டப்படி மாற்றுவது மோட்டார் வாகன சட்டத்துக்கும் விரோதம்.

ஹெட்லைட் கண்ணாடியை துடைத்து வைப்பது, பின் விளக்கும் ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது, எதிரில் வண்டி கண்டதும் 'டிம்' அடிப்பது. இந்த மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை. கருகாத வில்லை மலிவு விலையில் வருகிற வரை, பனமலை ரோட்டில் ராத்திரி உயிரை காப்பாற்றப் போவது இவைதான்.